பின்பக்கம் தாழாத கார்

ஒரு காலத்தில் நான் மனதார நம்பியது இது: கொழும்பில் ஆமிக்காரன் ஒரு காரை மறிக்கிறான் என்றால், அந்தக் காரின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு காரணமே கிடையாது.

சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக். மூளை இல்லாதவன் என்று சொல்ல முடியாது. மூளை இருந்தது, ஆனால் பயந்துபோய் இருந்தது. பயந்த மூளை சும்மா கிடக்காது. விஞ்ஞானம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிடும்.

என்னிடம் இருந்தது ஒரு கிழட்டு ஸ்டேஷன் வேகன். பின் ஸ்பிரிங் தட்டுகள் எல்லாம் களைத்துப் படுத்துவிட்டன. ஆள் ஏறாமலே அதன் பின்பக்கம் குந்தியிருக்கும். பின் சீற்றில் இரண்டு பேர் ஏறினால் முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். வெள்ளவத்தையிலிருந்து கந்தோருக்குப் போவதற்குள் என்னை ஒரு தடவையாவது மறிப்பார்கள், சில நாள் மூன்று தடவை. இறங்கு, ஐசி என்கிற அடையாள அட்டையைக் காட்டு, டிக்கியைத் திற, பொலிஸ் பதிவுத் துண்டு எங்கே, யாரைப் பார்க்கப் போகிறாய். எங்கள் மாடியில் இருந்தவரும் தமிழர்தான். அவருடைய கார் மேசை மாதிரி மட்டமாக நிற்கும். அவரை ஒருவரும் மறிப்பதில்லை. அவர் விடியப்புறம் ஐந்தரைக்கே போய்விடுவார், அந்நேரம் சென்றியில் காவல் நிற்கிற ஆமிக்காரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள் என்ற விஷயம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மட்டமான கார் போகிறது, தாழ்ந்த கார் மறிபடுகிறது என்பதுதான். பின்பக்கம் தாழ்ந்தால் டிக்கிக்குள் பாரம். பாரம் என்றால், அந்தக் காலத்தில், ஆமிக்காரன் பூசணிக்காயையா நினைப்பான்?

இதை வீட்டில் சாப்பாட்டு மேசையில் விளக்கினேன். என் மனைவி சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். என் தங்கச்சிதான் வாய் திறந்தாள்.

"அண்ணா, உங்கட ஐசியில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. அதையும் கொஞ்சம் உயர்த்தேலுமோ?"

தங்கச்சி பம்பலப்பிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை செய்தாள். சிங்களம் தண்ணி மாதிரி ஓடும். என்னுடைய சிங்களம் மொத்தம் நாலு சொல்: ஓம் என்பதற்கு ஓவ், இல்லை என்பதற்கு நே, நன்றிக்கு ஸ்துதி, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒட்டுவதற்கு மாத்தயா. நாலும் தெரியும். எதை எப்போது சொல்வது என்பதுதான் தெரியாது.

அவளுடைய கலியாணம்தான் இந்தக் கதைக்குக் காரணம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து ஆறு கிழமை லீவில் வந்திருந்தார். முதல் வைத்த நாளில் கொழும்பில் ரோட்டெல்லாம் மூடி, ஊரடங்கும் போட்டு, சமைக்க வந்தவர்களே வீடு போய்ச் சேர முடியாமல் அண்டாவுக்குப் பக்கத்தில் படுத்தார்கள். இரண்டாவது முகூர்த்தம் அவர் பிளேன் ஏறுவதற்கு நாலு நாள் முந்தி. இதையும் விட்டால் மாப்பிள்ளைக்கு அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்பது கனடாக்காரருக்குத்தான் வெளிச்சம்.

அப்பா இல்லை. அவர் கண்ணை மூடியபோது தங்கச்சிக்குப் பதினாலு வயது. செத்த வீட்டில் அவளைப் பார்த்து, "உன்னைத் தாரை வார்த்துக் குடுக்கிறது நான்தான், ஒண்டுக்கும் யோசிக்காதை" என்று சொல்லியிருந்தேன். செத்த வீட்டில் சொல்லுகிற கதை இது இல்லை என்று எனக்கும் தெரியும். வேறொன்றும் வாயில் வரவில்லை. ஆனால் அவள் அதை மறக்கவில்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் முறைக்கு இருக்கிறார்களே என்று யாராவது சொன்னால், "அண்ணாவும் அண்ணியும்தான்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள்.

ஆகவே கொட்டாஞ்சேனைக் கோயில் மண்டபத்துக்கு அவளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், போன கையோடு மணவறையில் நின்று தண்ணீர் வார்ப்பதும் என் தலையில். ஒரு நல்ல வாடகைக் கார் பிடிப்பம் என்று மனைவி சொன்னாள். நான் விடவில்லை. வாடகைக் காருக்கு டிரைவர் இருக்கிறான், விஞ்ஞானம் இருக்கிறதா?

கொட்டாஞ்சேனையில், மாதா கோயிலுக்குப் பின் ஒழுங்கையில், ஈரப்பலா மரத்துக்குக் கீழே கார் திருத்துகிற ஒருவர் கராஜ் வைத்திருந்தார், எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. முந்தி துறைமுகத்தில் கிரேன் திருத்தினவர். அவரிடம் வேகனைக் கொண்டுபோய் விட்டேன். பின்னால் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணே, ரெண்டு பக்கமும் புது ஸ்பிரிங் தட்டு போட்டா சரி. நாளைக்கே எடுத்துட்டுப் போலாம்."

அந்தச் சொல்லோடு நான் காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். இன்றுவரைக்கும் அதை நினைத்தால் எனக்கு நானே குட்டுப் போட்டுக்கொள்வேன். ஆனால் எங்கள் கந்தோரில் ஒரு கப்பல்காரன் விட்டுப்போன வெளிநாட்டுச் சஞ்சிகை கிடந்தது. அதில் ஒரு கார். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகளின் மேல் நிற்கிறது. பாரம் கூடினால் காற்றைக் கூட்டலாம், குறைந்தால் குறைக்கலாம், எவ்வளவு ஏற்றினாலும் மட்டமாகவே நிற்கும். சஞ்சிகையைப் பாஸுக்கு நீட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு நீண்ட நேரம் படம் பார்த்தார்.

"அண்ணே, இது வெள்ளக்காரன் காசு. நம்ம காசுக்கு இது நடக்காது."

"நடக்கிற மாதிரிச் செய்யேலாதோ பாஸ்?"

அதுதான் பிழை. துறைமுகத்தில் வேலை பார்த்த மனுசனிடம் அப்படிக் கேட்கக் கூடாது. அவர் முகத்தில் ஒரு ஒளி வந்தது.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் நாங்கள் இரண்டு பேரும் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கினோம். உடைத்த ஜப்பான் கார் ஒன்றிலிருந்து இரண்டு ரப்பர் பைகள் கிடைத்தன. ஒன்றில் பொத்தல். சைக்கிள் ரியூப் ஒட்டுகிற மாதிரிப் பாஸ் ஒட்டினார். காற்றைச் சேர்த்து வைக்க, லொறி பிரேக்கின் காற்றுத் தாங்கி ஒன்று. குட்டி சிலிண்டர் மாதிரி உருண்டையாக, கனமாக, கரும்பச்சை நிறத்தில். காற்றடிக்க, சிகரெட் பற்ற வைக்கிற துவாரத்தில் குத்தும் ரயர் பம்ப். எவ்வளவு காற்று என்று காட்ட மணிக்கூடு மாதிரி வட்ட முகமுள்ள ஒரு கேஜ். பிறகு சிவப்பு வயர், கறுப்பு வயர், கறுப்பு நாடா. ட்ரைவர் சீற்றுக்குப் பக்கத்தில் இரண்டு திருகு: ஒன்று உயர்த்த, ஒன்று தாழ்த்த.

எல்லாவற்றையும் டிக்கிக்குள், ஸ்பெயார் ரயர் கிடக்கும் குழியில் பூட்டினார் பாஸ். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"பாக்க அழகா இல்ல அண்ணே. மூடிருவோம்."

பலகை வெட்டி மேலே போட்டார். பலகைக்கு மேலே பழைய கம்பளத்தை இழுத்துவிட்டார். நான் குனிந்து பார்த்து, "ஒருத்தருக்கும் தெரியாது" என்று மெச்சினேன். அவரும் பெருமையோடு தலையாட்டினார். தலை இரண்டு இருந்தும் இரண்டுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த நாளே பரீட்சித்துப் பார்த்தேன். டிக்கியில் ஆறு மூட்டை அரிசி. திருகைத் திருகினேன். வேகன் மெல்ல எழுந்து மட்டமாக நின்றது. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி மட்டும் காலி வீதியால் ஓட்டிப்போய்த் திரும்பினேன். ஒரு இடத்திலும் மறிக்கவில்லை! ஒரு சென்றிக்காரன் கொட்டாவி விட்டபடி கையால் போ போ என்று காட்டினான். வீட்டுக்குள் கப்பல் வாங்கினவன் மாதிரி நுழைந்தேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி, "இண்டைக்குப் போயா லீவு. ரோட்டில நாய்கூட இல்லை."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கலியாணத்தன்று காலையில் மனைவி மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க முதலே மண்டபத்துக்குப் போய்விட்டாள். என் வேகனில் வர இருந்தது தங்கச்சி, பெரியம்மா, பெரியம்மாவின் இரண்டு தங்கச்சிமார். இந்த மூன்று சகோதரிகளையும் பற்றி மரியாதையோடு ஒன்றுதான் சொல்ல முடியும்: சாப்பாட்டில் குறை வைக்காத குடும்பம். நான் வெள்ளெனவே எழும்பி அவர்களுடைய பாரத்தை மனக்கணக்காகப் போட்டு, அதற்கேற்பக் காற்றடித்து வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் இளைய சகோதரிகள் இரண்டு பேரும் குளிரூட்டிய வான் ஒன்று போகிறதென்று கேள்விப்பட்டு அதில் ஏறிவிட்டார்கள். காற்றைக் குறைக்க எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்தப் பதட்டத்தில் சப்பாத்துப் போட ஞாபகம் வந்ததே பெரிய காரியம்.

புறப்பட்டோம். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்று மட்டும். கோட்டைப் பக்கம் ரோட்டை மூடியிருக்கலாம் என்று பொரளை, தெமட்டகொடையால் சுற்றிப் போவதென்று முடிவு. பொரளை தாண்டும்போது பின்னாலிருந்து தங்கச்சி கதைத்தாள்.

"அண்ணா, நான் ஏன் முன்னுக்கு வழுக்கிறன்?"

"பட்டுச் சீலை. வழுக்கும்தான்."

"பெரியம்மாவும் வழுக்கிறா. அவ நூல் சீலை."

பெரியம்மா என் சீற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். "தம்பி, மலையில இறங்கிற மாதிரிக் கிடக்கடா. இது கொழும்புதானே?"

"சும்மா இருங்கோ பெரியம்மா. புது சஸ்பென்சன். மிதக்கும்."

தெமட்டகொடைப் பாலத்தடியில் பீப்பாய் வைத்து ரோட்டை ஒடுக்கியிருந்தார்கள். எனக்கு முன்னால் போன கார்களெல்லாம் மெல்ல ஊர்ந்து போய்க்கொண்டே இருந்தன. ஒன்றையும் மறிக்கவில்லை. என் முறை வந்தது. சென்றிக்காரன் வேகனைப் பார்த்தான். பின்னால் போனான். திரும்பி வந்தான். கையை உயர்த்தினான்.

ஓரமாக நிறுத்தினேன். அவன் குனிந்து, "டிக்கிய அறின்ன" என்றான். டிக்கியைத் திறக்கச் சொல்கிறான். அவ்வளவு சிங்களம் எனக்கு விளங்கும்.

அந்தக் கணத்தில்தான், இவ்வளவு நாள் பிந்தி, என் மூளை வேலை செய்தது. டிக்கிக்குள் என்ன இருக்கிறது என்று முதல் தடவையாக ஆமிக்காரனின் கண்ணால் பார்த்தேன். கரும்பச்சைச் சிலிண்டர். சிவப்பு வயர், கறுப்பு வயர். மணிக்கூடு மாதிரி ஒன்று. அதை ஒளித்து ஒரு பலகை, பலகையை ஒளித்து ஒரு கம்பளம். என் பக்கத்தில் இரண்டு திருகு. இதையெல்லாம் காசு குடுத்து, மூன்று சனிக்கிழமை வெயிலில் அலைந்து, சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகவே செய்து வைத்திருக்கிறேன்.

புத்தியுள்ளவன் இறங்கி விளங்கப்படுத்தியிருப்பான். நான் விஞ்ஞானி. ஏன் மறித்தான்? பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது. ஏன் தாழ்ந்தது? பெரியம்மா. என்ன செய்யலாம்? உயர்த்தலாம். உயர்ந்தால் போகச் சொல்லிவிடுவான். கை தன்பாட்டில் உயர்த்துகிற திருகுக்குப் போய் அதை முழுக்கத் திருகிவிட்டது.

முதலில் வேகன் ஒரு முழம் எழும்பியது மாதிரி இருந்தது. பிறகு, பாஸ் சைக்கிள் ரியூப் மாதிரி ஒட்டிய பை, "டமார்!" என்றது.

பாலத்தடியில் எதிரொலி நல்லாகக் கேட்கும். சென்றிக்காரன் நிலத்தில் விழுந்து படுத்தான். மண்மூட்டைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் தலையை இழுத்துக்கொண்டு துவக்கை நீட்டினார்கள். பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஓட்டோவை விட்டுவிட்டே ஓடினார். என் வேகன் மட்டும் "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று நீண்ட பெருமூச்சு விட்டபடி, கோபித்த எருமை மாதிரி, மெல்ல மெல்லப் பின்பக்கத்தைக் கீழே வைத்தது.

நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். காலையும் உயர்த்தினேன் என்று தங்கச்சி சொல்வாள். அது எனக்கு ஞாபகமில்லை. துவக்கைப் பார்த்து, "ஸ்துதி மாத்தயா, ஸ்துதி" என்று நன்றி சொன்னது மட்டும் ஞாபகம்.

"டேய் தம்பி, ரயர் வெடிச்சுப் போட்டுதோ?" என்றார் பெரியம்மா.

பின் கதவு திறந்தது. தங்கச்சி இறங்கினாள். தலையில் நெற்றிப்பட்டம், பின்னலில் பூ, கையில் வளையல் அடுக்கு. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ரோட்டு நடுவில் நின்று கத்தினாள்.

"ஹுலங் மாத்தயா! ஹுலங் விதரய்!"

காற்று ஐயா, வெறும் காற்று. அதை நாலைந்து தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வளையல் கிலுகிலுத்தது.

மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சார்ஜன்ட் வந்தார். தங்கச்சி அவரோடு கதைத்தாள். கலியாணம், முகூர்த்தம், கனடா, அண்ணா, ஸ்பிரிங், காற்றுப் பை. எனக்கு விளங்கியது அந்தச் சொற்கள் மட்டும்தான். "அண்ணா" என்று வரும்போதெல்லாம் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் என்னை இறக்கி டிக்கியைத் திறக்க வைத்து, தூர நின்றுகொண்டே ஒரு ஆமிக்காரனைக் கொண்டு கம்பளத்தைத் தடியால் விலக்கச் செய்தார். பலகை விலகியது. எல்லோரும் ஆளுக்கு நாலடி பின்னால் போனார்கள். அதை நானும் இப்போது அவர்களோடு நின்றுதான் பார்த்தேன். நானும் நாலடி பின்னால் போனேன்.

தங்கச்சி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, பெண்டுகளைப் போகட்டாம். உங்களையும் காரையும் விடமாட்டினமாம். இதைத் தெரிஞ்ச ஆள் ஒராள் வந்து பாக்கோணுமாம்."

"எப்ப வருவாராம்?"

"மத்தியானத்துக்குப் பிறகாம்."

மணி பத்து அடிக்க எட்டு நிமிடம் இருந்தது. அவள் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். அன்று முழுவதும் என்னை அவள் ஒரு பகிடியும் பண்ணாத இடம் அதுதான்.

"நீங்கள் வராமல் நான் போகமாட்டன்."

"விசர்க்கதை கதையாதை. மாப்பிள்ளை மணவறையில இருந்து சாமி கும்பிட்டுக் கொண்டிருப்பார். போ."

"தண்ணி வார்க்கிறது ஆர்?"

நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள்.

"பெரியப்பாட்டைச் சொல்லட்டோ?"

தலையாட்டினேன். பெரியம்மா இதற்குள், திரும்பி வந்த ஓட்டோக்காரரின் பின் சீற்றில் முக்கால்வாசியை நிரப்பிவிட்டார். மிச்சக் காலில் கலியாணப் பொம்பிளை. சார்ஜன்ட் ஒரு ஆமிக்காரனைக் கூப்பிட்டு, வழியில் வேறு சென்றியில் மறிக்காமல் இருக்கட்டும் என்று, ஓட்டோவின் முன்னால் ட்ரைவருக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். ஓட்டோவின் பின்பக்கம் நிலத்தைத் தொட்டபடி போனது. அதைப் பார்த்தும் என் விஞ்ஞானத்தில் எனக்குச் சந்தேகம் வரவில்லை என்றால் பாருங்கள்.

என்னை சென்றிக்குப் பின்னால் ஒரு வாங்கில் இருத்தினார்கள். பக்கத்தில் இன்னொரு மனிசன் இருந்தார். அவருக்குக் காரும் இல்லை, டிக்கியும் இல்லை. ஒரு துணிப்பை மட்டும். நான் என் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவரை ஏன் இருத்தி வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒன்றரைக்குத் தெரிந்த ஆள் வந்தார். ஸ்பனருடன் டிக்கிக்குள் குனிந்தவர் ஐந்து நிமிடத்தில் நிமிர்ந்து, சார்ஜன்டிடம் ஒரே சொல் சொன்னார்: "ஹுலங்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் பல் மட்டும்தான். வேகன் அங்கேயே நிற்கட்டும், அடுத்த நாள் வந்து இழுத்துக்கொண்டு போ என்றார்கள்.

புறப்பட முன்னம் சார்ஜன்ட்டைக் கேட்டேன். அவர் கொஞ்சம் தமிழ் கதைத்தார். எங்களுக்கு முன்னால் அத்தனை கார் போனதே, எங்களை மட்டும் ஏன் மறித்தீர்கள்? பின்பக்கம் தாழ்ந்திருந்ததா?

"தாழவா?" என்றார். கையைச் சரித்துக் காட்டினார். "உங்கட கார் பின்னுக்கு இப்பிடி உயர்ந்து, முன்னுக்கு விழுற மாதிரி. அப்பிடிக் கார் நான் பார்த்ததில்ல. அதான் மறிச்சது."

தாலி கட்டியது பத்து நாற்பதுக்கு. முகூர்த்தம் தவறவில்லை. தங்கச்சியைத் தாரை வார்த்துக் கொடுத்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். நான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டேகாலுக்கு, பஸ்ஸில்.